தகரத்துக்கு அந்தப் பக்கம் வந்த சாமி

நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று, டீ தம்ளரோடு பக்கத்தில் வந்து நின்று உங்களில் ஒருவர் கேட்டார்: "கொரோனா நேரத்துல நம்ம செக்‌ஷனுக்கு லீவுதான மேடம்?" கேலியில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் கேட்டார். பூங்காக்கள் பூட்டிக் கிடந்தன, விளையாட்டுத் திடல்களில் நாய்கள் படுத்திருந்தன, கலை நிகழ்ச்சி என்ற சொல்லையே யாரும் வாயில் எடுக்கவில்லை. அந்தப் பிரிவுக்கு என்ன வேலை இருந்திருக்கும்? அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் பிரிவுக்கு மாநகராட்சி அலுவலகத்தில் என்ன பெயர் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். ஆட்டம்பாட்டம் செக்‌ஷன். ஊரடங்கு வந்த வாரம் அந்த ஆட்டத்தையும் பாட்டத்தையும் கட்டிப்போடுவதே எங்கள் வேலையாக இருந்தது. ஊஞ்சல்களைச் சுருட்டி மேலே கட்டினோம். சறுக்கின் வாயில் கருவேல முள்ளை வைத்தோம். குழந்தை ஒன்று வந்து அந்த முள்ளைப் பார்த்தால் என்ன நினைக்கும் என்று யோசித்தபடியே வைத்தோம். ஆற்றங்கரைப் பூங்காவின் கதவைத் தினமும் காலையில் யாராவது வந்து உலுக்குவார்கள்.

"நடக்கலேன்னா சுகரு ஏறிரும்வே. நீரு வந்து ஊசி போடுவீரா?"

காவலாளி உள்ளே நின்றபடி சொல்வார்: "கதவைப் பிடிச்சு இந்த ஆட்டு ஆட்டுதீரே அண்ணாச்சி, அதுக்கே பாதி சுகரு எறங்கியிருக்கும். போவும், போய்ப் படும்."

மனிதக் கால் படாத புல் மட்டும் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, தாமிரபரணிக் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஏனோ பயமாக இருக்கும்.

பிறகுதான் மைக்கைக் கொடுத்தார்கள். மேளதாளம், ஒலிபெருக்கி, மேடை எல்லாம் தெரிந்த பிரிவு என்பதால் விழிப்புணர்வுப் பிரசாரம் எங்கள் தலையில் விழுந்தது. ஒரு லோடு ஆட்டோ, இரண்டு குழாய் ஒலிபெருக்கி. தொற்று வந்த தெருக்களின் இரண்டு முனையிலும் கழுத்துயரத்துக்குத் தகரம் அடித்திருந்தார்கள். அந்தத் தகரத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி, கையைக் கழுவுங்கள், வெளியே வராதீர்கள், பரிசோதனைக்குச் சளி கொடுங்கள் என்று நான் வாசிப்பேன். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடும். ஒருநாள் ஒரு மாடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "கழுவுதோம்க்கா! கழுவ தண்ணி எப்பம் வரும்னு மொதல்ல அதச் சொல்லுங்க!" நான் தாளில் இருந்ததையே மறுபடி வாசித்தேன்.

மேலிடத்தில் கேட்டார்கள், ஜனங்கள் ஏன் கேட்பதில்லை, எட்டிப் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்யக்கூடாதா என்று. அப்போதுதான் எனக்கு மகுடம் நினைவுக்கு வந்தது.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் உங்களில் சிலருக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்துச் சாமிகளுக்குச் சித்திரை, வைகாசியில் கொடை நடக்கும். ஊர்கூடி எடுக்கும் திருவிழா அது. அதில் அடிப்பது மகுடம். வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய மேளம். ஓலையைக் கொளுத்திச் சூடு காட்டி, தோல் விறைத்ததும் வெறுங்கையால் அடிப்பார்கள். அந்தக் குழுவின் தலைவரை அண்ணாவி என்போம். அவர் பாட, இரண்டு பேர் மகுடம் அடிப்பார்கள். அந்த வருஷம் எந்தக் கோயிலிலும் கொடை இல்லை. நம் பொருட்காட்சித் திடலில் வருஷாவருஷம் பாடிய ஓர் அண்ணாவியைக் கூப்பிட்டேன். இரண்டு பக்கமும் நல்லது என்று நினைத்தேன். அவர்களுக்கு வேலை, நமக்குக் கேட்க ஆள்.

தண்ணீர் எப்போது என்று அந்தப் பெண் கத்திய தெருவைச் சொன்னேன். "நம்ம அடிச்ச தெருதாம்மா" என்றார் அண்ணாவி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றேன். சரி என்றார். அந்த வெள்ளிக்கிழமைதான் அந்தத் தெருவில் கொடை நடந்திருக்க வேண்டிய நாள் என்பது எனக்கு உதிக்கவில்லை. வாரக்கணக்கில் வேலையில்லாமல் கிடந்த அவருக்கும் உதிக்கவில்லை. நாள் கிழமை பார்த்து வாழ்கிற ஊரில், அந்த வருஷம் நாளும் கிழமையும் எல்லோருக்கும் கலைந்துபோயிருந்தது.

வெயில் தாழ்ந்த நேரம். வண்டி தகரத்தின் முன்னால் நின்றது. காவலுக்கு ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு காவலரும் இருந்தார்கள். மகுடம் அடிக்கும் இசக்கி, ரோட்டோரத்தில் ஓலையைக் கொளுத்தித் தோலுக்குச் சூடு காட்டினார். காட்டும்போதே அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பட்டினி கிடந்தவன் சோற்று வாசனையை மோந்த முகம். முகக்கவசத்தைப் பற்றி அண்ணாவி கட்டிய பாட்டுக்கு மெல்லிய அடிதான் பேசி வைத்தது. ஆனால் கை பட்டதும் தோல் கேட்டது வேறு. இசக்கியின் விரல்கள் தாமாகவே சாமியை அழைக்கிற அடிக்குப் போய்விட்டன. கூட இருந்தவரின் கையும் பின்னாலேயே போனது.

ஜன்னல்கள் திறந்தன. எனக்குச் சந்தோஷம். ஒப்புக்கொள்கிறேன், அரைப் பாட்டு நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். வாசலுக்கு வாசல் முகங்கள். குழந்தைகள் படியில் குதித்தன. மாடியிலிருந்து அந்தத் தண்ணீர்ப் பெண்கூடக் கை தட்டினாள்.

அப்போது தகரத்துக்கு அந்தப் பக்கம், நாலைந்து வீடு தள்ளி, ஒரு கதவு படீரென்று திறந்தது.

சட்டையில்லாத ஒரு முதியவர். மெலிந்த உடம்பு, நரைத்த மார்பு. தலை ஒரு பக்கம் சாய்ந்து, கை இரண்டும் பின்னால் முறுக்கி, உடம்பு முழுக்க உதறியது. பெயர் பலவேசம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தத் தெரு மாடன் கோயிலின் கோமரத்தாடி. சாமி எப்போதும் அவர் மேல்தான் இறங்கும். பரிசோதனைக்கு அவரிடம் சளி எடுத்திருந்தார்கள், முடிவு வரவில்லை. வீட்டுக் கதவில் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தது. அந்தக் கதவைத்தான் அவர் உதைத்துத் திறந்து வந்தார்.

"ஏ, மாடன் வந்துட்டாருடோய்!" என்று யாரோ கூவினார்கள். வாசலில் நின்றவர்கள் தெருவில் இறங்கினார்கள். கும்பிட்ட கைகளோடு அவர் பின்னால் வந்தார்கள். பாதிப் பேர் முகத்தில் துணி இல்லை. அவர் நேராக வந்து தகரத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். சவுக்குக் கம்பில் ஆணி அடித்து நிறுத்திய தகரம். இடி மாதிரி அதிர்ந்தது. எங்கள் பின்னாலும் கால் சத்தம். பக்கத்துத் தெருக்காரர்கள் மகுடம் கேட்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். தகரம் சாய்ந்தால் இரண்டு கூட்டமும் ஒன்று.

"நிறுத்தச் சொல்லுங்க மேடம்!" சப்-இன்ஸ்பெக்டர் என் காதருகே கத்தினார். "உடனே நிறுத்தச் சொல்லுங்க!"

என் கை ஏற்கெனவே ஆம்ப்ளிஃபையரின் அணைக்கும் பொத்தான் மேல் இருந்தது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அதிகாரி, பொருட்காட்சித் திடலில் தந்த ஒரே பாடம் அதுதான். எந்தத் தகராறு என்றாலும் முதலில் சத்தத்தை அணை. இருட்டில் நிற்பதைவிடச் சத்தமில்லாத இடத்தில் நிற்பது ஜனங்களுக்குச் சங்கடம், தானே கலைவார்கள் என்பார். அப்படியே நடந்தும் இருக்கிறது. ஒரு சினிமாப் பாட்டுக்காக இரண்டு கோஷ்டி நாற்காலியைத் தூக்கியபோது நான் ஒலியை அணைத்தேன். நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு ஜெனரேட்டர் என்ன ஆச்சு என்று பார்க்கப் போனார்கள். வருஷக்கணக்காக என்னைக் காப்பாற்றிய பாடம் அது.

அண்ணாவி என் முகத்தைப் பார்த்தார். பாட்டை விட்டுவிட்டு, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "அம்மா, வேண்டாம். சாமி நிக்கையில அடிய அறுத்தா அந்தரத்துல விட்ட மாதிரி. மனுசன் அப்படியே விழுந்துருவாரு. வயசாளி. விழுந்தா இந்தச் சனம் நம்மளச் சும்மா விடுமா?"

"அப்போ என்ன செய்ய அண்ணாவி?"

"தணிக்கணும். பையத்தான் தணிக்கணும்."

யோசிக்க நேரம் இல்லை என்று பிற்பாடு எல்லோரும் சொல்வோம். இருந்தது. அந்த ஒரு நொடி மிக நீளமாக இருந்தது. அணைத்தால் இந்தப் பக்கக் கூட்டம் நிற்கும், அந்தப் பக்கம் ஒரு மனிதர் விழுவார். அணைக்காவிட்டால் தகரம் விழும். நான் பொத்தானை விட்டுவிட்டு ஒலி கூட்டும் திருகைப் பிடித்தேன். பால் கொதித்து ஏறும்போது அடுப்பைத் தணிப்பதுபோல, கேட்பவருக்குத் தெரியாத அளவில், கொஞ்சம் கொஞ்சமாக. குழாய் ஒலிபெருக்கி ஓய்ந்து, கடைசியில் வெறும் மகுடம் மட்டும் தோலும் கையுமாக மிஞ்சியது. பின்னால் ஓடி வந்த கால்கள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தயங்கின. காவலர் அவர்களைத் தடுத்து நிறுத்தினார். ஒரு பக்கம் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

மறுபக்கம் தகரம் இன்னும் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஓர் ஆணி பிடுங்கிக்கொண்டு என் காலடியில் விழுந்தது.

"ஃபோர்ஸ் கேட்டிருக்கேன்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "வந்ததும் உள்ள தள்ளிடுவாங்க."

அந்தச் சந்தில் லத்தி இறங்கினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். இளம் பெண். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அதில் பயம் இருந்தது. "கொஞ்சம் பொறுங்க" என்றேன். "உங்களை நம்பிப் பொறுத்து ஏதாவது ஆயிட்டா?" என்றார். "நான் சொன்னேன்னு எழுதிக்கோங்க" என்றேன். தைரியமெல்லாம் இல்லை. வேறு வாக்கியம் வரவில்லை.

அண்ணாவி என் பக்கத்தில் வந்தார். "யாராவது வாக்குக் கேக்கணும்மா. சாமி வாக்குச் சொல்லும்போது மகுடம் தணிஞ்சுதான் நிக்கும். அதுதான் மொறை. அப்பம் சனமும் அசையாது."

"நீங்க கேளுங்க."

"நான் அடிக்க வந்தவன். நான் கேக்கக் கூடாது. தெருக்காரங்க கேக்கணும், இல்ல தகரம் அடிச்சவங்க கேக்கணும்."

தெருக்காரர்கள் யாரும் கேட்கும் நிலையில் இல்லை. நான் தகரத்துக்குப் பக்கத்தில் போனேன். எங்களுக்கு நடுவில் துருப்பிடித்த ஒரு தகடு மட்டும். அதன் மேலே அவர் தலை எழும்பி எழும்பித் தெரிந்தது. மூச்சு என் நெற்றியில் படும் தூரம். முகக்கவசத்தை இறக்கினால் என் குரல் கேட்கும் என்று தோன்றியது. இறக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

"அய்யா! உத்தரவு கேட்டு வந்திருக்கேன். வாக்குச் சொல்லணும்!"

மகுடம் தாழ்ந்தது. இசக்கி விரல் நுனியால் மட்டும் அடித்தார். தெரு அப்படியே நின்றது.

"எவம்லே எனக்குத் தகரம் வச்சது?" அந்த மெலிந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல். "எல்லையக் காக்கவன் நான்! எனக்கே வேலியா? எங்கலே என் கொடை?"

சப்-இன்ஸ்பெக்டர் என் தோளைத் தொட்டார். "ஆடியில நடத்தித் தர்றோம்னு சொல்லிடுங்க மேடம். இப்ப தப்பிச்சா போதும்." நல்ல யோசனைதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நம் வேலையில் மேடையில் நின்று வாக்குறுதி கொடுப்பது மிகவும் எளிது. நீங்களும் சீக்கிரம் பழகிவிடுவீர்கள். ஆனால் மறுநாளும் அதே தெருவில் அதே மைக்கோடு நான்தான் நிற்க வேண்டும்.

"தகரம் சர்க்காரு வச்சது அய்யா. நோய் தாண்டிப் போயிரக் கூடாதுன்னு வச்சது" என்றேன். "கொடை எப்பம்னு எனக்குத் தெரியாது. தெரியாததச் சொல்ல மாட்டேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. யாரோ, "என்ன பேச்சுப் பேசுதா பாரு" என்றார்கள். காரியம் கெட்டது என்று நினைத்தேன். பலவேசம் தகரத்தை விட்டார். உதறல் நிற்கவில்லை. ஆனால் குரல் இறங்கியது. சாமியின் குரலுக்கும் மனிதக் குரலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

"என் எல்லையில இருந்து ஒருத்திய வண்டியில ஏத்திக் கொண்டு போனியள்லா? அவ எங்க?"

எனக்குப் புரியவில்லை. மாடியிலிருந்து அந்தத் தண்ணீர்ப் பெண்தான் கத்தினாள்: "அவரு பொஞ்சாதியத்தான் கேக்காருக்கா! பேச்சியம்மா! கொண்டு போனதுல இருந்து ஒரு தாக்கலும் இல்ல. போனும் இங்கனயே கெடக்கு!"

இத்தனை நாள் இந்தத் தகரத்தின் முன்னால் நின்று நான் வாசித்த தாள்களில், இந்தத் தெரு கேட்க விரும்பிய ஒரு வரிகூட இருந்ததில்லை.

"அத என்னால கேட்டுச் சொல்ல முடியும்" என்றேன். "இப்பமே கேக்குதேன். அதுவரைக்கும் நீரு இங்கன நிக்கணும்."

நம் பிரிவின் எழுத்தர் ஒருவரைப் பெரியாஸ்பத்திரி உதவி மையத்தில் போன் எடுக்க அனுப்பியிருந்தார்கள். அவரைக் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னேன். "வார்டுக்குப் போய்ப் பாக்கணும் மேடம், நேரமாகும்" என்றார். "ஓடுங்க" என்றேன். அவருடைய மூச்சும் மாடிப்படியும் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தன. இங்கே இசக்கியின் விரல்கள். அடி தணிந்தால் சாமி தவிக்கும், ஏறினால் கூட்டம் தவிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல்மேல் அவர் அடித்துக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை தோலில் சொட்டியது. தோல் நனைந்தால் தொய்யும். அண்ணாவி தன் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தெருமுனையில் போலீஸ் வண்டி வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் அதை நோக்கிக் கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினார்.

எனக்கு ஒரே யோசனை. அவள் இல்லை என்று சொன்னால்?

போனில் ஒரு நர்ஸ். "பேச்சியம்மாள்தானே? இருக்காங்க. ஆக்சிஜன்ல இருக்காங்க. நிறையப் பேசக்கூடாது." அதுவரை நான் நெஞ்சில் அடக்கியிருந்தது என்னவென்று அந்த 'இருக்காங்க' என்ற சொல்லில்தான் தெரிந்தது. நானே அறிவித்திருக்கலாம். ஆனால் என் குரலைத்தான் அந்தத் தெரு பல நாளாகக் கேட்டு ஜன்னலை மூடியிருந்தது. "வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டும் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, வண்டிக்குப் போய் ஒலித் திருகை மறுபடி கூட்டி, போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்தேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது. அழுதால் அந்த அழுகையைத் தெரு முழுக்கக் கேட்கும்.

மூச்சிரைப்பு முதலில் வந்தது. பிறகு குரல்.

"ஏ மனுசா... மாத்திரை தின்னீரா? கொல்லைக் கதவச் சாத்தினீரா?"

கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அதற்குள் மகுடத்தின் சத்தம் போன் வழியாக அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். குரல் மாறியது. மரியாதை ஏறியது.

"அய்யா... மாடா... நீரா வந்திருக்கிய? நான் நல்லாருக்கேன் அய்யா. கஞ்சி குடிக்கேன். நீரு மலையேறும். அந்த மனுசன் உடம்பு தாங்காது... எறங்கினதும் தண்ணி குடுக்கச் சொல்லும்."

இசக்கி அடியை முடிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார். பலவேசத்தின் தலை நிமிர்ந்தது. ஒரு பெருமூச்சு. தெருவின் நடுவில் அப்படியே உட்கார்ந்தார். மாடிப்பெண் ஒரு செம்பைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். அவர் குடித்தார். கடைசி அடி விழுந்து மகுடம் நின்றபோது, யாரும் சொல்லாமல் ஜனங்கள் வாசல்களுக்குத் திரும்பினார்கள்.

எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பலவேசத்துக்கும் தொற்று என்று முடிவு வந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு தானே ஏறினார். "அவ இருக்க எடந்தான? வண்டிய விடும்" என்றாராம். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் சிலருக்குக் காய்ச்சல் வந்தது. அந்தச் சாயங்காலத்தால் வந்ததா, முன்பே இருந்ததா, யாராலும் சொல்ல முடியவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் செய்தது சரி என்று நிரூபிக்க இதை எழுதவில்லை. ஒலியை அணைக்க வேண்டிய நாள் உங்களுக்கும் வரும், அணைக்கக்கூடாத நாளும் வரும். எது எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது. அதைத்தான் சொல்ல முடிகிறது.

ஒன்று மட்டும் மாறியது. அதன்பின் தினமும் சாயங்காலம், தாளை வாசிக்குமுன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். யார் வீட்டு ஆளைக் கொண்டுபோயிருக்கிறார்களோ, அந்த வீட்டுக்காரர் தகரத்தருகே வந்து பேசிவிட்டுப் போவார். நல்ல செய்தி இல்லாத நாட்களில் மைக்கை வண்டியிலேயே வைத்துவிட்டு நான் அந்த வாசலுக்கு நடந்து போவேன். ஆட்டம்பாட்டம் செக்‌ஷனின் வேலை அதுவாகத்தான் இருந்தது.

பூங்காக்களைத் திறந்த பிறகு, ஆற்றங்கரைப் பூங்காவில் ஒருநாள் அந்த இருவரையும் பார்த்தேன். நுரையீரலுக்கு நல்லது, நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். பேச்சியம்மாள் நாலு எட்டு வைத்து நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நாலு எட்டு வைத்தாள். பலவேசம் நிற்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

நான் யாரென்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயாம்மா அன்னைக்குப் போன் போட்டது?" என்றாள். "வாழ்ந்த இத்தன வருசத்துல, அவ எங்கன்னு இந்த மனுசன் ஒருநாளு என்னையத் தேடினதில்ல பாத்துக்கோ. அன்னைக்கும் இவரா தேடினாரு? மாடன்லா தேடினாரு!"

வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னாள். முன்னால் போனவர் நின்றார். திரும்பவில்லை. செருப்பில் கல் ஏறிவிட்டதுபோலக் குனிந்து, அதைத் தட்டித் தட்டி, அவள் நடந்து பக்கத்தில் வந்து சேரும்வரை நிமிராமலே நின்றார்.